கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நாற்காலி

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை நாற்காலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. மீதிப் பேர் தெரிந்துகொள்ள மெனக்கெட்டதில்லை. விஷத்தைக் குடித்தோ மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொண்டோ வந்து, எப்படியோ பிழைத்துக்கொண்ட பெண்களின் கட்டிலுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவதுதான் அவள் வேலை. மனநல டாக்டர் வந்து பார்த்து ஒரு முடிவு சொல்லும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. கேட்கிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும்.

வாசல் காவலாளிக்கும் அப்படித்தான் தோன்றியது. "என்னக்கா, உக்காந்தே சம்பாதிக்கிறீங்க. எனக்கும் இப்படி ஒரு வேலை பாத்துக் குடுங்களேன்" என்பார்.

"நீ நின்னுக்கிட்டே தூங்குற. அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

முன்பு அவள் துணி துவைக்கும் கட்டடத்தில் இருந்தாள். பெரிய இயந்திரத்தின் வாயிலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்து முதுகு பிடித்துக்கொண்டது. மேற்பார்வையாளர் ஒருநாள் கூப்பிட்டு, "உக்கார்ற வேலை ஒண்ணு இருக்கு, போறியாம்மா?" என்று கேட்டபோது, அதிர்ஷ்டம் வீடு தேடி வந்துவிட்டதென்றே நினைத்தாள். முதல் வாரம் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்த மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது. ஈரத் துணியை இழுத்த காலத்தில் முதுகு வலித்தது, படுத்தால் போயிற்று. இந்த வேலையில் எங்கே வலிக்கிறது என்றே தெரியவில்லை, படுத்தாலும் போகவில்லை.

பேப்பர் படிக்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. அவர்கள் கழிப்பறைக்குப் போனால் கூடவே போய், கதவு முழுக்கச் சாத்திவிடாதபடி இடுக்கில் காலை வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். சிலர் அழுவார்கள். சிலர் திட்டுவார்கள். பெரும்பாலானவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள். ஆரம்பத்தில் அவள் எல்லோருக்கும் புத்தி சொன்னாள். பிள்ளைங்களை நினைச்சுப் பாரும்மா, பெத்தவங்களை நினைச்சுப் பாரும்மா என்று. ஒரு பெண், "அவங்களை நினைச்சு நினைச்சுத்தான் இங்க வந்து படுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றோடு அக்கா புத்தி சொல்வதை விட்டுவிட்டாள். தண்ணி வேணுமா, விளக்கை அணைக்கட்டுமா, குளிருதா என்பதற்கு மேல் பேசுவதில்லை.

வீட்டில் அவள் உட்காருவதே இல்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து, நின்றபடியே சாப்பிடுவாள். புருஷன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன், நாள் முழுக்க நின்றே பழகியவன். வந்ததும் கிடைத்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டு அவளை அண்ணாந்து பார்ப்பான்.

"உக்காந்து சாப்பிடேன்டி. சோறு என்ன எழுந்து ஓடியா போயிடும்?"

"உக்காந்தா மறுபடியும் வேலைக்குப் போன மாதிரி இருக்கு."

"நல்ல வேலை, நல்ல குடும்பம்" என்று அவன் சிரிப்பான். அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டான். கேட்டாலும் அவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

இனி சொல்லப்போவது, ஒருமுறை அவள் ஒரு கண்ணாடிக் கடைப் பெண்ணுக்குக் காவல் உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

அந்தப் பெண்ணுக்கு முப்பதை ஒட்டி வயதிருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை. வருகிறவர்களுக்குக் கண்ணாடிச் சட்டத்தைக் காதில் மாட்டிப் பார்த்து, வளைத்து, நிமிர்த்திக் கொடுக்கிறவள். வீட்டில் கிடந்த மாத்திரைகளையெல்லாம் விழுங்கிவிட்டு மயங்கிக் கிடந்தவளை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வந்த அன்று உடம்பு ரொம்ப மோசமாக இருந்தது. குழாயும் ஊசியும் சொட்டு மருந்துமாக ஓடி, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒருவழியாகத் தேறிவிட்டாள். எழுந்து உட்கார்ந்து பால் குடித்தாள். அக்காவிடம் அவள் தானாகப் பேசியது ஒரே ஒரு தடவை.

"நீங்க கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறீங்க. தூரப் பார்வைக்குக் கண்ணாடி வேணும் உங்களுக்கு."

"உன்னைப் பாக்குறதுக்கு இந்தக் கண்ணு போதும்மா" என்றாள் அக்கா. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அன்று காலை அக்காவை மாற்றிவிட வர வேண்டிய பெண் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலாம். வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிஸ்டர், "கொஞ்ச நேரம் இருங்கக்கா, யாரையாவது புடிச்சு அனுப்புறேன்" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் என்பது இழுக்க இழுக்க நீளுகிற சங்கதி. முந்தைய நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள். இமைகளுக்குள் மணலைப் போட்டு மூடிய மாதிரி இருந்தது.

வார்டு டாக்டர் வந்தார். அவரும் தூங்காத ஆள்தான், சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ரத்தமெல்லாம் சரியாயிடுச்சு, எங்க பக்கம் வேலை முடிஞ்சுது" என்றார். போகிற போக்கில், "நிஜமான நோயாளிக்கே இங்க படுக்கை இல்ல" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் காதில் அது விழுந்தது. அவள் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள்.

அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. "உடம்பு சரியாயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார். கையெழுத்துப் போடுறேன், கூட்டிட்டுப் போறோம்" என்று பெரிய சிஸ்டரிடம் போய் நின்றார்.

"பேச்சு டாக்டர் பாக்காம அனுப்ப மாட்டோம் சார்."

மனநல டாக்டருக்கு வார்டில் அதுதான் பெயர். மற்ற டாக்டர்கள் குழாய் போடுவார்கள், ஊசி போடுவார்கள், அவர் பேசிக்கொண்டே இருப்பார். முழு ஆஸ்பத்திரிக்கும் ஒரே ஆள் என்பதால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அவர் வருவதற்குள் பாதிக் குடும்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அப்படிப் போனவர்களில் சிலரை அக்கா மறுபடியும் அதே வார்டில் பார்த்திருக்கிறாள். சிலரை மறுபடியும் பார்க்கவில்லை. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த டாக்டர் பாத்தார்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டுவாங்க? நீங்களே சொல்லுங்க சிஸ்டர், உங்க தங்கச்சியா இருந்தா?"

"என் தங்கச்சியா இருந்தா அவர் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்து காட்டுவேன். வெளிய உக்காருங்க சார்."

அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர், செருப்பில்லாத காலோடு. ஆனால் சொந்தபந்தம் எல்லோரிடமும், வெளியில் எங்கேயோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு கெட்டுவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருந்தார். போனில் அவர் பேசுவதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருவரிடம் சொல்லும்போது வெறும் சாப்பாடாக இருந்தது. அடுத்தவரிடம் அது கெட்டுப்போன கறியாயிற்று. இன்னொருவரிடம், அந்தக் கடைக்காரனை சும்மா விடக் கூடாது என்று பல்லைக் கடித்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரோ என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்தது.

பார்வையாளர்களை விடுகிற நேரத்தில் ஒரு அம்மாள் விறுவிறுவென்று வந்தார். நல்ல கனத்த உடம்பு, தோளில் பெரிய துணிப் பை, நெற்றியெல்லாம் வியர்வை. "சித்தி" என்றாள் கட்டிலில் இருந்தவள். அதுவரை இல்லாத ஒரு குரலில்.

"அடிப்பாவி, என்னடி இப்படி ஆயிட்ட! வெளிய கண்டதைத் தின்னாதன்னு நான் படிச்சுப் படிச்சு சொல்லல? நாக்குக்கு ருசி கேக்குதோ உனக்கு?" என்று சித்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டில் கிழவி வாந்தி எடுக்கத் தொடங்கினார். நர்ஸ் யாரும் கண்ணில் படவில்லை. கிழவிக்கு மூச்சு முட்டியது. அக்கா எழுந்து பாத்திரத்தை எடுத்துப் பிடித்து, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். சட்டப்படி எழுந்திருக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் ஒரு உயிர் திணறும்போது சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் ஆகவில்லை.

திரும்பிப் பார்த்தபோது சித்தியும் கிழவியையே பார்த்துக்கொண்டிருந்தார், துணிப் பை பிரிந்து கட்டில்மேல் கிடந்தது. துண்டு, சீப்பு, மாற்று உடை, ஒரு பிளாஸ்டிக் டப்பா. வாசலில் பையைச் சோதிக்க வேண்டும். கூட்டத்தில் காவலாளி கையை அசைத்து விட்டிருப்பார்.

"இது என்னம்மா?" என்று அக்கா டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு மாத்திரை அட்டை.

"அவ தினமும் போடுற மாத்திரை. சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு வலிப்பு உண்டு. ஒருவேளை விட்டாலும் ஆகாது. இவங்க அம்மா போனதிலேர்ந்து நான்தான் பாத்துக்கிறேன். இந்தப் பொண்ணு மறந்துடும்னு என் வீட்ல எப்பவும் கூடுதலா வாங்கி வச்சிருப்பேன்" என்றார் சித்தி, கொஞ்சம் பெருமையாகவே.

"மாத்திரையை இங்க சிஸ்டர்தான் வேளாவேளைக்குக் குடுப்பாங்க. நாங்க எடுத்து வைக்கிறோம்மா."

"ஏன், அவ கையிலேயே இருந்தா என்ன? சின்னப் புள்ளையா?"

சித்தியின் பின்னாலேயே உள்ளே வந்திருந்த அண்ணன் அவசரமாகக் கிட்டே வந்தார். "ஆஸ்பத்திரிச் சட்டம் சித்தி. விடு." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே தாயே என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

அட்டை அக்காவின் கையில் இருந்தது. இதோடு விட்டிருக்கலாம். விட்டுவிடத்தான் உடம்பு சொன்னது. சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மாற்று ஆள் வரும் வழியைப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். கூரையையே பார்த்துக் கிடந்தவள் இப்போது எதையும் பார்க்காமல், ரொம்பச் சாதாரணமாக, ரொம்ப அமைதியாக இருந்தாள். அக்கா கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

கொண்டுவந்தது இது ஒன்றுதானா என்று கேட்டால் சித்திக்குத் தெரிந்துவிடும். ஊருக்கே தெரிந்துவிடும். இந்தப் பெண் நாளைக்கு எந்த முகத்தோடு கடைக்குப் போவாள்? தவறாகக் கேட்டுவிட்டால், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குடும்பத்தின் மானத்தை அவிழ்த்துப் போட்ட பழி வேறு வரும்.

"அம்மா, டப்பாவுல எத்தனை அட்டை வச்சீங்க?"

"ரெண்டு. ஏன்?"

கிழவி மட்டும் பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் வச்சிருப்ப சித்தி. வயசாச்சு, உனக்கு ஞாபகம் இல்ல" என்றார் அண்ணன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எனக்கா ஞாபகம் இல்ல? இவளுக்கு மாத்திரை எடுத்து வைக்கிறதுல எனக்காடா ஞாபகம் இல்ல? ரெண்டு அட்டை. ரப்பர் பேண்டு போட்டு வச்சேன்." சித்தி டப்பாவைப் பார்த்தார், பையை உதறினார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அண்ணன் முகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கட்டிலுக்கு இவ்வளவு ஒட்டிப் போட்டிருந்த அந்த நாற்காலியைப் பார்த்தார். "என்னடா நடக்குது இங்க? வயித்துவலிக்காரிக்கு எதுக்குடா காவல்?"

இந்த இடத்தில் அக்கா சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் ரெண்டு பேர் வந்து போர்வையை உருவி, அவளைப் புரட்டிப் போட்டுத் தேடுவார்கள். வார்டே வேடிக்கை பார்க்கும். அக்கா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். உள்ளங்கை மேல் நோக்கி. அந்தப் பெண் கை எங்கே அசைந்தாலும் பிடித்துவிடுகிற தூரம்தான்.

அந்தப் பெண் அக்காவைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்தாள்.

"சாப்பாடு ஒண்ணும் பண்ணல சித்தி. நான்தான் மாத்திரையை முழுங்கினேன். வேணும்னேதான்."

"வாயை மூடு" என்றார் அண்ணன். சத்தமே வரவில்லை அவருக்கு.

"நான்தான்" என்றாள் அவள் மறுபடியும். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. ரப்பர் பேண்டு சுற்றிய அட்டையை அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். அக்கா விரல்களை மூடிக்கொண்டாள்.

சித்தி அண்ணன் பக்கம் திரும்பினார். அழுவார் என்றுதான் அக்கா நினைத்தாள். அழவில்லை.

"எங்கிட்டயே பொய் சொன்னியாடா? ஊருக்குச் சொன்ன, சரி. எங்கிட்ட? இந்தக் கையால எடுத்து, பத்திரமா மூடி, பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்து குடுத்திருக்கேன்டா. இந்தக் கையால."

அண்ணன் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து, "அசிங்கமாப் போயிடும்னு..." என்று ஏதோ ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"எதுக்குடி?" என்று சித்தி கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியல சித்தி. முடியல. அவ்வளவுதான்."

சித்தி பையைக் கட்டிலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அக்கா கட்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ரெண்டு அட்டைகளையும் பெரிய சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நீங்க எங்கக்கா பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"பக்கத்துக் கட்டில் பாட்டிக்குப் பாத்திரம் புடிச்சேன்."

திட்டுவதற்குத் திறந்த வாயை சிஸ்டர் மூடிக்கொண்டார். "அதையும் நீங்கதான் பாக்கணும், இதையும் நீங்கதான் பாக்கணும். என்னத்தச் சொல்ல. போய் உக்காருங்க. அவர் வராரான்னு மறுபடி கூப்பிட்டுப் பாக்குறேன்."

பேச்சு டாக்டர் வந்தபோது வெயில் வார்டின் நடுப்பகுதிவரை வந்திருந்தது. மெலிந்த மனிதர், கையில் பாதி கடித்த ரொட்டி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணனை வெளியே நிற்கச் சொன்னார். "சித்தி இருக்கணுமா, போகணுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள், "இருக்கட்டும்" என்றாள். தூக்கம் வருகிறதா, எப்போதிலிருந்து வரவில்லை, வேலைக்குப் போக மனம் வருகிறதா, வலிப்பு கடைசியாக எப்போது வந்தது, மாத்திரையை விழுங்கிய அன்று காலை எழுந்தபோது என்ன நினைத்தாள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார். அவள் ஒற்றை வார்த்தைகளில் பதில் சொன்னாள்.

"செத்துடலாம்ங்கிற நினைப்பு இப்பவும் இருக்கா?"

சித்தியின் கை அவள் காலை இறுக்கிப் பிடித்தது.

"இருக்கு."

"சரி. இருக்குன்னு சொல்லிட்டீங்க, அது எனக்கு உதவும்" என்றார் டாக்டர். "சாயங்காலம் என் வார்டுக்கு மாத்துறேன். கொஞ்ச நாள் அங்க இருங்க. அடைச்சு வைக்கிற இடமோன்னு பயப்படாதீங்க. தூக்கத்துக்கு ஒரு மருந்து, வலிப்பு மருந்தையும் சரிபாக்கணும், தினமும் கொஞ்சம் பேசணும். வீட்டுக்குப் போறப்ப மருந்தை யார்கிட்டக் குடுத்து வைக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "சித்திகிட்ட. ஆனா அவங்க ஒளிச்சு வைக்கணும். எங்க வைக்கிறாங்கன்னு எங்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்டி" என்றார் சித்தி. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

அண்ணன் வெளியிலிருந்து வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையைப் பார்த்து என்னவோ சொல்ல வந்து, "ஏதாச்சும் குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். வேகமாகப் போனார், ஏதோ பெரிய பொறுப்பு கிடைத்துவிட்ட மாதிரி.

மாற்று ஆள் வந்தபாடில்லை. சாயங்காலம் சக்கர நாற்காலியை அக்காதான் தள்ளிக்கொண்டு போனாள். தாழ்வாரம் நீளமாக இருந்தது. ஒரு சக்கரம் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. சித்தி பையோடு பின்னால் நடந்து வந்தார்.

"நீங்க எத்தனை அட்டைன்னு கேட்டிருக்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண், திரும்பாமலே.

"கோவமா?"

"ஆமா."

"இருக்கட்டும்மா."

அக்காவுக்குக் கால் மரத்திருந்தது. தள்ளுகிற கைப்பிடியிலேயே உடம்பைச் சாய்த்து நடந்தாள். மனநல வார்டின் கதவுக்கு முன்னால் நிறுத்தி மணியை அழுத்தினாள். உள்ளே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

"இங்க ராத்திரில பக்கத்துல யாராச்சும் உக்காந்திருப்பாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இருப்பாங்க."

"முழிச்சுக்கிட்டா?"

"முழிச்சுக்கிட்டுத்தான். அதான் வேலையே."

கதவு திறந்தது. அக்கா சக்கரத்தை வாசற்படியில் ஏற்றி உள்ளே தள்ளினாள்.